கருவூலத்தில் தேங்கும் காட்டுப் பணம்: கேம்பா நிதி ஏன் பருவமழைக்கு முன் வந்து சேர்வதில்லை?

சுரங்கங்களுக்கும் சாலைகளுக்கும் அணைகளுக்கும் வெட்டப்படும் காடுகளுக்கு ஈடாகப் புதிய காடுகளை வளர்ப்பதற்கென வசூலிக்கப்படும் நிதியிலிருந்து, 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மாநிலங்களின் திட்டங்களுக்கு ஒப்புதல் தரப்பட்ட தொகை ரூ.38,516 கோடி. செலவிடப்பட்டதோ ரூ.26,001 கோடி மட்டுமே. வனப் பாதுகாப்பு விவகாரங்களில் உச்ச நீதிமன்றத்துக்கு உதவுவதற்காக 2002-இல் அமைக்கப்பட்டு, 2023-இல் நிலையான அமைப்பாக மாற்றப்பட்ட மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு திரட்டிய கணக்கு இது.

மூன்றில் ஒரு பங்கு பணம் செலவாகவில்லை என்ற செய்தி வெளியானதும், 'வனத்துறையின் மெத்தனம்' என்ற பழகிய தீர்ப்பே பலரிடமிருந்தும் எழுந்தது. ஆனால் அதே கணக்கில் இடையில் நிற்கும் ஓர் எண் வேறு கதையைச் சொல்கிறது. ஒப்புதல் பெற்ற தொகையில் மாநில அரசுகள் வனத்துறையிடம் உண்மையில் விடுவித்தது ஏறத்தாழ ரூ.29,311 கோடி. அதாவது, கைக்கு வந்த பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு வனத்துறை செலவழித்திருக்கிறது. கைக்கு வராமலே போன தொகை ரூ.9,200 கோடிக்கும் அதிகம். அடைப்பு காட்டில் இல்லை. ஒப்புதலுக்கும் விடுவிப்புக்கும் இடைப்பட்ட கருவூல வாசலில் இருக்கிறது.

பொது நிலத்தைப் பாதுகாக்கும் ஓர் அமைப்புக்குப் பணம் இல்லாதது ஒரு துன்பம். பணம் இருந்தும் அது உரிய மாதத்தில் வந்து சேராதது வேறு வகைத் துன்பம். இந்தியாவின் கேம்பா, அதாவது ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி மேலாண்மை மற்றும் திட்டமிடல் ஆணையம், இருபது ஆண்டுகளாக இரண்டாவது துன்பத்தில் உழன்று வருகிறது.

கூடலூரில் தொடங்கிய வழக்கு

இந்த நிதியின் வேர் தமிழகத்தில் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகளில் மரங்கள் கட்டுப்பாடின்றி வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஒரு வட்டாரத்தின் மரவெட்டைப் பற்றிய அந்த மனு, நாட்டின் அனைத்துக் காடுகளையும் நீதிமன்றத்தின் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவந்த தொடர் வழக்காக வளர்ந்தது. 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவு 'காடு' என்ற சொல்லுக்கே விரிந்த பொருளைத் தந்தது. மனுதாரர் 2016-இல் காலமானார். வழக்கு இன்றும் நடக்கிறது.

காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் அதற்கு ஈடாக மரம் வளர்க்கும் செலவைக் கட்ட வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி உருவான நடைமுறை. கட்டப்பட்ட பணம் மாநிலங்களின் பொதுச் செலவில் கரைந்துபோவதை 2002-இல் கண்ட நீதிமன்றம், தனி நிதியம் வேண்டும் என்றது. 2004-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டும் அமைப்பு உயிர்பெறவில்லை. எனவே 2006-இல் தற்காலிக ஆணையம் ஒன்றை நீதிமன்றமே ஏற்படுத்தியது. அந்தத் 'தற்காலிகம்' பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

இதற்கிடையே வசூல் பன்மடங்கு பெருகியது. மரம் நடும் செலவு மட்டுமின்றி, இழக்கப்படும் காடு தந்துவந்த நீர், மண் காப்பு, விறகு, கரிமத் தேக்கம் ஆகியவற்றுக்கும் விலை கட்டவேண்டும் என்ற கருத்து ஏற்கப்பட்டது. பொருளியல் அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. 2008 மார்ச்சில் ஹெக்டேருக்கு ரூ.4.38 லட்சம் முதல் ரூ.10.43 லட்சம் வரை 'நிகர தற்போதைய மதிப்பு' நிர்ணயிக்கப்பட்டது. சரணாலயமானால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்காவானால் பத்து மடங்கு. 2022 தொடக்கத்தில் இந்த விகிதங்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்தப்பட்டன. நிதியத்தின் பெரும்பகுதி இந்த வகையில் சேர்ந்ததே.

2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, நிலைமையின் கோணலை எண்களால் காட்டியது. 2006-07-இல் ரூ.1,200 கோடியாக இருந்த இருப்பு 2011-12-இல் ரூ.23,607 கோடியாகியிருந்தது. 2006 முதல் 2012 வரை ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய காடல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். பெற்றது 28,086 ஹெக்டேர். அதில் மரம் நடப்பட்டது 7,280 ஹெக்டேர். பெற்றிருக்க வேண்டிய நிலத்தில் வெறும் 7 விழுக்காடு. நிலம் போய்விட்டது, மரம் வரவில்லை, பணம் மட்டும் வங்கி வைப்புத்தொகையாக வளர்ந்தது.

ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் 2016-இல் நிறைவேறி, விதிகள் 2018 ஆகஸ்டில் வெளிவந்து, அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. வசூலில் 90 விழுக்காடு மாநிலங்களுக்கு, 10 விழுக்காடு தேசிய நிதியத்துக்கு என்பது பங்கீடு. 2019 ஆகஸ்ட் 29 அன்று, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் 27 மாநிலங்களுக்கு ரூ.47,436 கோடியைக் கையளித்தார். ஒடிசாவுக்கு ரூ.5,933 கோடி, சத்தீஸ்கருக்கு ரூ.5,791 கோடி, மத்தியப் பிரதேசத்துக்கு ரூ.5,196 கோடி. எந்த மாநிலம் அதிகக் காட்டை இழந்ததோ அதற்கே அதிகப் பணம் என்பது இந்த நிதியின் இயல்பு. செழிப்பான கேம்பா கணக்கு என்பது உண்மையில் ஓர் இழப்புப் பட்டியல்.

மழைக்கு ஒரு நாட்காட்டி, கருவூலத்துக்கு ஒரு நாட்காட்டி

பணம் மாநிலங்களுக்குப் போய்விட்டது. பிறகும் ஏன் தேங்குகிறது? இதற்கு விடை காண ஒரு மரக்கன்றின் ஓராண்டைப் பின்தொடர வேண்டும்.

மத்திய இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை ஜூன் நடுவில் தொடங்கி ஜூலைக்குள் பரவிவிடும். நடவுக்கு உகந்த காலம் ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை. அதிலும் முதல் நல்ல மழையை ஒட்டி நடப்படும் கன்றே வேர்பிடித்து அடுத்த கோடையைத் தாங்கும். அந்த நடவுக்குக் குழிகள் கோடையிலேயே வெட்டப்பட்டு, தோண்டிய மண் வெயிலில் ஆறியிருக்க வேண்டும். கன்றுகளோ அதற்கும் பல மாதங்கள் முன்பே நாற்றங்காலில் விதைக்கப்பட்டிருக்க வேண்டும். உயரமான கன்றென்றால் ஓராண்டுக்கு மேலாகும். ஆக, 2026 ஜூலையில் நடப்படும் ஒரு கன்றுக்கான செலவு 2025-இலேயே தொடங்கிவிடுகிறது. நட்டபின் வேலி, களையெடுப்பு, பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்று நடவு, காவல் என ஏழு முதல் பத்து ஆண்டுகள் பராமரிப்பு நீள்கிறது.

இனி காகிதத்தின் பயணம். கோட்ட அளவில் தயாராகும் ஆண்டுச் செயல்திட்டம், முதன்மை தலைமை வனப் பாதுகாவலர் தலைமையிலான செயற்குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து தலைமைச் செயலர் தலைமையிலான வழிகாட்டுக் குழுவுக்கு. அதற்கும் மேலே முதல்வர் தலைமையிலான ஆட்சிக் குழு. பிறகு டெல்லியில் தேசிய ஆணையத்தின் ஒப்புதல். ஒப்புதல் வந்தபின்னும் பணம் தானாக இறங்குவதில்லை. மாநில நிதியம் பொதுக் கணக்கில் இருப்பதால், செலவு மாநில நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்று, நிதித்துறை தவணை தவணையாக விடுவிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கூட்டம் தள்ளிப்போனாலும் பணம் ஆகஸ்டிலோ அக்டோபரிலோ வருகிறது. மழை காத்திருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பும் தமிழகத்துக்கு மட்டும் சில மாதங்கள் கூடுதல் அவகாசம் உண்டு. ஜார்க்கண்டுக்கும் சத்தீஸ்கருக்கும் அது இல்லை.

காலம் தவறி வந்த பணத்துக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது. நிதியம் ஆண்டிறுதியில் காலாவதியாகாதது என்பதால் சட்டப்படி இதில் இழப்பில்லை. ஆனால் 'செலவிடப்படாதது' என்ற பழி வரும்; அடுத்த ஆண்டுக் கோரிக்கையை அது பலவீனப்படுத்தும். மற்றொன்று, மார்ச் 31-க்குள் எதை வாங்க முடியுமோ அதை வாங்குவது. வண்டி, கருவி, கட்டடம், சுற்றுச்சுவர் இவற்றுக்குப் பருவம் கிடையாது. விதைக்கு உண்டு. நேர்மையான அதிகாரியைக்கூட இந்த அமைப்பு இரண்டாவது வழிக்கே தள்ளுகிறது.

காட்டுத்தீயில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். உத்தராகண்டில் தீப் பருவம் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை. நிதியாண்டு முடியும் மார்ச் 31 அதன் நடுவில் வந்து விழுகிறது. தீத்தடுப்புக் கோடுகளைச் சீராக்குவது முன்பனிக் காலத்து வேலை. அது பழைய ஆண்டின் இறுதித் தவணையை நம்பியிருக்கிறது. தீக்காவலரின் ஏப்ரல், மே மாதக் கூலியோ புதிய ஆண்டின் முதல் தவணையை நம்பியிருக்கிறது. காடு அதிகம் எரியும் வாரங்களில்தான் கணக்குப் புத்தகம் மூடித் திறக்கப்படுகிறது. 2024 மே மாதத்தில் அம்மாநிலத்தில் தீ பரவியபோது, கேட்கப்பட்ட ரூ.10 கோடிக்கு ஏன் ரூ.3.15 கோடி மட்டும் தரப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்ப நேர்ந்தது. வனப் பணியாளர்கள் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டதும் அந்த விசாரணையில் கண்டனத்துக்கு உள்ளானது.

உறங்கும் பணத்தின் விலை

காலாவதியாகாத நிதிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றலாம். இதில் ஒரு நுட்பமான இழப்பு உண்டு. பொதுக் கணக்கில் உள்ள இருப்புக்கு அரசு தரும் வட்டி ஆண்டுக்கு 3.35 விழுக்காடு, அதுவும் தனிவட்டி. கூலியும் வேலிக்கம்பியும் டீசலும் அதைவிட வேகமாக ஏறுகின்றன. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று சுரங்க நிறுவனம் கட்டிய தொகை, ஐந்தாறு ஆண்டுகள் கழித்துச் செலவிடப்படும்போது அதே ஹெக்டேரை நட்டு வளர்க்கப் போதாமற் போகிறது. இழப்பீடு முழுதாக வசூலாகியும் காடு குறைவாகவே கிடைக்கிறது. இந்தப் பற்றாக்குறை எந்த வரவுசெலவுப் பட்டியலிலும் தனி வரியாகத் தோன்றுவதில்லை.

மாநில நிதித்துறைகளுக்கு இந்த இருப்பு கசக்கவும் இல்லை. பொதுக் கணக்கில் பெருந்தொகை கிடந்தால் அன்றாடப் பணப்புழக்கத்துக்கு அது மறைமுகத் துணை. கடன்வரம்பு இறுகியிருக்கும் மாநிலத்துக்கு அந்தத் துணை பெரிது. இதை முறைகேடு என்று சொல்லிவிட முடியாது. கருவூலங்கள் எங்கும் இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் வனத்துறையின் அவசரமும் நிதித்துறையின் வசதியும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்போது, கோப்பு எந்தப் பக்கம் நகரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

உத்தராகண்டின் கணக்கு இதை உறுதிசெய்கிறது. 2019 முதல் 2022 வரையிலான காலத்தை ஆராய்ந்து 2025 பிப்ரவரியில் அம்மாநிலப் பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, கேம்பா நிதியில் ரூ.13.86 கோடி ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி, கட்டடச் சீரமைப்பு, வழக்குச் செலவு போன்றவற்றுக்குத் திருப்பிவிடப்பட்டதாகக் கூறியது. நாடெங்கும் தலைப்புச் செய்தியானது ஐபோன்தான். உச்ச நீதிமன்றம் தலைமைச் செயலரிடம் விளக்கம் கேட்டது. பதிலைப் பெற்றபின் கடும் நடவடிக்கை எடுக்காமல், நிதி உரிய நோக்கத்துக்கே செலவாக வேண்டும் என எச்சரித்தது. அதே அறிக்கையின் உட்பக்கங்களில் இருந்த செய்தி அவ்வளவு பேசப்படவில்லை. நிதியத்தில் சேர்க்கப்பட வேண்டிய வட்டி ரூ.275.34 கோடியை மாநில அரசு செலுத்தாமல் வைத்திருந்தது. கைப்பேசிக் கணக்கைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு.

அந்த அறிக்கையில் இன்னும் கவலைதரும் பகுதி கன்றுகளைப் பற்றியது. 2017 முதல் 2022 வரை நடப்பட்டவற்றில் பிழைத்தவை 33.51 விழுக்காடு, வன ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலோ 60 முதல் 65 விழுக்காடு. ஐந்து வனக் கோட்டங்களில் 1,204 ஹெக்டேர் நிலம் மரம் வளர்க்கத் தகுதியற்றதாக இருந்தும், களநிலையை ஆராயாமலே தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. 37 நேர்வுகளில் காட்டை விட்டுக்கொடுக்க இறுதி அனுமதி தந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்தே ஈடுநடவு நடந்தது. அதனால் செலவு ரூ.11.54 கோடி கூடியது. காலத்தாழ்வுக்கு விலை உண்டு என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

எதை எண்ணுகிறோம்?

மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவின் அதே கணக்கில் ஆறுதலான ஓர் எண்ணும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஈடுசெய் காடு வளர்ப்புக்கு இலக்கு 2,09,297 ஹெக்டேர். எட்டப்பட்டது 1,78,261 ஹெக்டேர். 85 விழுக்காடு என்பது 2013 தணிக்கையின் 7 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் பெரும் பாய்ச்சல். சட்டமும் நிதியமும் பயனற்றவை என்று சொல்வோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் இது நடப்பட்ட பரப்பு. நின்ற பரப்பு அன்று. உத்தராகண்டின் பிழைப்பு விகிதத்தை வைத்து நாடு முழுவதையும் எடைபோடக் கூடாதுதான். மலைச்சரிவின் நிலை வேறு, சமவெளியின் நிலை வேறு. எனினும் 'நட்டது' என்ற பத்திக்கு அருகில் 'மூன்றாம் ஆண்டில் உயிரோடிருந்தது' என்ற பத்தி எல்லா மாநிலங்களுக்கும் ஒரே அளவுகோலில், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாவதில்லை. நடவுகளின் எல்லைகளைச் செயற்கைக்கோள் படத்தில் பதிவதற்கென 'இ-கிரீன் வாட்ச்' என்ற இணையவாசல் உண்டு. பதிவான எல்லைகளுக்கும் களத்துக்கும் பொருத்தமில்லை என்ற குறை ஆய்வாளர்களால் தொடர்ந்து சுட்டப்படுகிறது.

நிதி நிர்வாகத்தில் எது எண்ணப்படுகிறதோ அதுவே நடக்கும். செலவு விழுக்காட்டை எண்ணினால் செலவு நடக்கும். மாவட்ட வன அலுவலர் ஒருவர் மூன்றாண்டுகளில் மாற்றப்பட்டுவிடுகிறார். அவர் நட்ட கன்றின் பத்தாண்டுக் கணக்கு எவர் பெயரிலும் இல்லை. முதலாண்டு நடவுக்குக் கிடைக்கும் நிதி ஆறாமாண்டுக் களையெடுப்புக்குக் கிடைப்பதில்லை. நடவுவிழாவுக்கு அமைச்சர் வருவார், களையெடுப்புக்கு யாரும் வருவதில்லை.

விதிகள் வகுத்த பாகுபாடு நியாயமானதே. நிகர தற்போதைய மதிப்பில் குறைந்தது 80 விழுக்காடு காடு, கானுயிர் மேலாண்மைக்கும், எஞ்சியது உள்கட்டமைப்பை வலுப்படுத்தவும் என்று அவை சொல்கின்றன. மாநிலங்கள் வனத்துறைக்குத் தரும் வழக்கமான ஒதுக்கீட்டைக் குறைக்கக் கூடாது, இது கூடுதல் பணம்தான் என்று 2019-இல் பணத்தைக் கையளித்தபோதே மத்திய அரசு தெளிவுபடுத்தியது. ஊதியம், பயணப்படி, மருத்துவச் செலவுக்கு இதைத் தொடக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் ஒரு பையில் பணம் நிறைந்தால் மற்றொரு பையில் குறைப்பது எந்த நிதித்துறைக்கும் இயல்பான ஆசை. கேம்பா வந்தபின் மாநிலத்தின் சொந்த வனச்செலவு உயர்ந்ததா, நின்றதா, சரிந்ததா என்பதை மாநிலவாரியாக ஒரே பட்டியலில் வைத்துக் காட்டினால் அந்த நிபந்தனையின் உயிர் தெரிந்துவிடும்.

ஒப்பீட்டுக்குப் புலிகள் காப்பகங்களைப் பார்க்கலாம். அங்கே மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. ஒரு பங்கு தாமதித்தால் மறுபங்கும் நிற்பதால், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை என்ற புகார் ஏதாவது ஒரு மாநிலத்திலிருந்து எழுந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சிக்கலுக்கு ஒரு சிறு மாற்றுவழியை கேரளத்தின் பெரியாறு 2004-இல் கண்டது. நுழைவுக் கட்டணத்தையும் நன்கொடையையும் கருவூலத்துக்கு அனுப்பாமல் காப்பகத்திலேயே வைத்துச் செலவிடும் அறக்கட்டளை அது. முன்பு காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களே அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறியதற்கு, கூலி உரிய நாளில் கிடைத்ததும் ஒரு காரணம். 2006-இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய அறக்கட்டளை சட்டப்பூர்வமானது. தொகை சிறியது, ஆனால் அது எட்டும் தூரத்தில் இருக்கிறது. கேம்பாவின் பெருந்தொகைக்கு இல்லாத வசதி இதுவே.

நிலமும் மக்களும்

பணத்தைப் பற்றிய பேச்சில் நிலம் மறைந்துவிடக் கூடாது. கிரேட் நிக்கோபார் பெருந்திட்டத்துக்கு 130.75 சதுர கிலோமீட்டர் வெப்பமண்டல மழைக்காடு ஒதுக்கப்பட்டது. முக்கால் பங்குக்கு மேல் காடாகவே உள்ள பகுதிகளில் ஈடுநடவுக்கு இடமில்லை என்பதால் வேறு மாநிலத்தில் நடலாம் என விதி இருக்கிறது. அதன்படி ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வறண்ட ஆரவல்லி மலைத்தொடர் உள்ள ஹரியாணாவில் அதற்கு இடம் தேடப்பட்டது. ஆரவல்லிக்கு மரம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிக்கோபாரின் காட்டுக்கு ஈடு என்று கணக்கேட்டில் எழுத முடியுமே தவிர, அங்கே முட்டையிட வரும் தோணியாமையிடம் சொல்ல முடியாது.

காடல்லாத நிலம் கிடைக்காதபோது, ஏற்கெனவே உள்ள சீர்குலைந்த காட்டிலேயே நடவு நடக்கிறது. அந்தக் காட்டைத்தான் பழங்குடியினர் மேய்ச்சலுக்கும் இலை, கிழங்கு, மகுவாப் பூ சேகரிக்கவும் நம்பியிருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அதன்மீது கிராம சபைக்கு உரிமையும் இருக்கிறது. 2016 ஜூலையில் மாநிலங்களவையில் நிதிச் சட்டமுன்வடிவு விவாதிக்கப்பட்டபோது, கிராம சபையின் ஒப்புதலைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று ஜெய்ராம் ரமேஷ் வலியுறுத்தினார். விதிகளில் கவனித்துக்கொள்வோம் என்று அன்றைய அமைச்சர் அனில் மாதவ் தவே உறுதியளித்தபின்பே அது நிறைவேறியது. பின்னர் வந்த விதிகள் அந்த எதிர்பார்ப்பை முழுதாக நிறைவேற்றவில்லை என்பது வன உரிமை அமைப்புகளின் குறை.

இதை உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கணக்குப் பிரச்சினையாகவும் பார்க்கலாம். ஊராரைக் கேட்காமல் மேய்ச்சல் வெளியில் வேலியிட்டால், அந்த வேலி ஒரு கோடைக்கு மேல் நிற்காது. ஊரார் காக்கும் நடவுக்குக் காவல் செலவே குறைவு.

மாற்றம் பெரிய சட்டத்திருத்தத்தைக் கோரவில்லை. ஒரு நடவுக்கு ஒப்புதல் தரும்போதே அதன் பத்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்து ஒரே ஒப்புதல் தந்துவிட்டால், ஆண்டுதோறும் அதே கோப்பு நான்கு குழுக்களின் படியேற வேண்டியதில்லை. குழி வெட்டும் தவணையைப் பிப்ரவரிக்குள்ளும் நடவுத் தவணையை மே இறுதிக்குள்ளும் விடுவிப்பதாக மாநில நிதித்துறைகளை எழுத்தில் கட்டுப்படுத்தலாம்; தாமதித்தால் அந்த நாட்களுக்குச் சந்தை வட்டியை நிதியத்தில் சேர்க்கச் செய்யலாம். உறங்கும் இருப்பு அப்போதுதான் நிதித்துறைக்கும் செலவாகும். முழுநேரத் தலைமை அலுவலர் இல்லாமல் கூடுதல் பொறுப்பாகவே நடத்தப்படும் மாநில ஆணையங்களுக்குத் தனி அலுவலரும், அரசுக் கணக்கு அறிந்த ஒருவரும் வேண்டும். வனம் படித்தவர் கருவூல விதியோடு போராடி நாளைக் கழிப்பது யாருக்கும் பயன் தராது. இவற்றில் எதற்கு எதிர்ப்பு வரும் என்றால், வட்டி பற்றிய யோசனைக்குத்தான். அதை மாநிலங்கள் ஏற்குமா என்பதைவிட, தன் பொதுக் கணக்கிலும் தேசிய நிதியத்தை வைத்திருக்கும் மத்திய அரசு முன்வந்து ஏற்குமா என்பதே முதற்கேள்வி.

அடுத்த பருவமழைக்கான ஆண்டுச் செயல்திட்டங்கள் கோட்ட அலுவலகங்களில் எழுதப்படும்போதே, அவற்றில் கணக்கிடப்பட்ட கன்றுகளில் பல நாற்றங்காலின் நெகிழிப் பைகளில் முளைவிட்டிருக்க வேண்டும். அந்தப் பைகளுக்கும் மண்ணுக்கும், நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் பெண்களின் தினக்கூலிக்கும் வேண்டிய பணம் இன்னும் ஒப்புதலாகாத திட்டத்தில்தான் இருக்கும்.